கீபோட் போனும் நாம் தொடாத விசைகளும்

(பண்டாரவளையில் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் தோட்ட இளைஞர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. சிரிக்க வேண்டியதுதான். எல்லோர் கையிலும் கண்ணாடிப் போன் இருக்கிற காலத்தில், பொத்தான் வைத்த போனைப் பற்றி ஒருவன் மேடையேறிப் பேசினால் அவனுக்குப் பழைய இரும்புக் கடை என்றுதான் பெயர் வரும். வரட்டும். நான் இன்று பழைய பெருமை பேச வரவில்லை. ஒரு போன் வைத்திருப்பவர் அதன் பத்தில் ஒரு பங்கைத்தான் தொடுகிறார். தொடாமல் விட்டதிலேதான் தனக்கு மிகவும் தேவையானது கிடக்கிறது. இந்தக் கதை கீபோட் போன் காலத்தில் நம் தோட்டங்களில் நடந்தது, இன்றும் நடக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மேசையில் நான் வைத்திருப்பது நோக்கியா ஈ71. 2008இல் வந்தது. கணினியில் இருக்கிற அதே எழுத்து வரிசை ஒரு உள்ளங்கைக்குள். திரை இரண்டரை அங்குலம்கூட இல்லை. கெமரா 3.2 மெகாபிக்சல். வைஃபை உண்டு, ஜிபிஎஸ் உண்டு, எஃப்எம் உண்டு. 1500 மில்லி ஆம்பியர் மணி பெட்டரி. சாதாரணமாகப் பாவித்தால் இரண்டு நாள் தாராளமாக ஓடும். அதே ஆண்டு கடைசியில் விலை குறைந்த தம்பியாக ஈ63 அறிவிக்கப்பட்டது. 2009இல் ஈ72. இவற்றோடு கனடாக்காரரின் பிளக்பெரி. நம் பக்கத்தில் நான் பார்த்தவரை இவற்றைப் புதிதாகப் பெட்டியோடு வாங்கியவர்கள் குறைவு. கொழும்பில் கடைகளில் வேலைக்கு நின்ற பையன்கள் கைமாற்றி வாங்கி வந்தார்கள். கட்டார், துபாய், சவுதி என்று போய் வந்த அக்காமார் கொண்டுவந்தார்கள்.

அந்த அக்காமார் கொண்டுவந்த போன்களில் ஒரு விசயம் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு விசையிலும் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபு எழுத்தும் அச்சடித்திருக்கும். அரபு நாட்டுக்கு அனுப்புகிற போனில் அரபு, ரஷ்யாவுக்குப் போகிறதில் ரஷ்ய எழுத்து. ஆகவே ஒரு பிளாஸ்டிக் விசையில் இரண்டு மொழியைப் பொறிக்க முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. நம் பிள்ளைகளின் கையில் இருந்த போனில் அரபு இருந்தது, ஆங்கிலம் இருந்தது, தமிழ் மட்டும் இல்லை. இதைப் பிறகு பேசுவோம். முதலில் அந்த விசைகளுக்குள் என்ன ஒளிந்திருந்தது என்று பார்ப்போம்.

ஈ71 கெமராவைத் திட்டாதவர் கிடையாது. படம் கலங்கலாக விழுகிறது என்பார்கள். கொடுத்த காசுக்கு இதுதானா என்பார்கள். உண்மை என்னவென்றால் அந்தக் கெமராவில் தானாகக் குவியம் சேர்க்கும் வசதி இருந்தது. ஆனால் அதற்கென்று தனிப் பொத்தான் இல்லை. விசைப்பலகையிலுள்ள 'டி' எழுத்தை அமுக்க வேண்டும். அமுக்கிப் பிடித்தால் திரை நடுவிலுள்ள சதுரம் பச்சையாகும். அதன்பிறகு நடுவிசையைத் தட்டினால் பிறப்புச் சான்றிதழின் முத்திரை எழுத்துக்கூடத் தெளிவாக விழும். நடுவிசையை மட்டும் தட்டினால் கலங்கல்தான். ஈ.பி.எஃப். கடதாசியையும் அடையாள அட்டையையும் படமெடுத்துக் கொழும்பிலிருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டிய வீட்டில், இந்த ஒரு விசை தெரியாததால் பஸ் ஏறி டவுனுக்கு வந்து போட்டோ கொப்பி எடுத்தவர்கள் உண்டு. கைநூலில் இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது. கைநூலை யார் பிரித்தார்கள்? கைமாறி வந்த போனுக்குக் கைநூலும் கூடவே வருமா?

ஈ63இலும் ஈ72இலும் வேறொன்று. வேறெதுவும் திறந்திராத முகப்புத் திரையில் இடைவெளி விசையை, அதாவது அந்த நீளமான விசையை, கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தால் கெமராவின் விளக்கு டோர்ச்சாக எரியும். மீண்டும் பிடித்தால் அணையும். கரண்ட் இல்லாத இரவில் லயத்திலிருந்து பின்பக்கம் இறங்குகிறவருக்கும், ஸ்டோரில் இரவு வேலை முடித்து மலைப்பாதையில் வருகிறவருக்கும் இதைவிடப் பெரிய வசதி எந்த விலை உயர்ந்த போனிலும் கிடையாது. திரையைப் பார்க்கத் தேவையில்லை, விரல் தானாகத் தேடிப் பிடிக்கும். கண்ணாடிப் போனில் அந்தச் சுகம் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது பிளக்பெரிக்கு வருகிறேன். அலுவலகக்காரர்களுக்கென்று செய்த போன். அதன் அஞ்சல் பட்டியலில் 'டி' தட்டினால் உச்சிக்குப் போகும், 'பி' தட்டினால் அடிக்குப் போகும், 'யூ' தட்டினால் வாசிக்காத கடிதத்துக்குத் தாவும். இவையெல்லாம் சுருக்கு வழிகள், விடுங்கள். எனக்குப் பிடித்தது வேறு. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு என், எம், எல், எல் என்று நான்கு எழுத்தைத் தட்டினால், மேல் மூலையில் சிக்னலைக் காட்டும் கோடுகள் மறைந்து அந்த இடத்தில் ஓர் எண் வரும். கழித்தல் குறியோடு, −85, −102 என்று.

மலையில் வாழ்கிறவனுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். கோடுகள் பொய் சொல்லும். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கம்பனியும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. எண் அப்படியல்ல. பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் நல்ல சிக்னல், தூரப் போனால் மோசம். மூன்று எண் குறைந்தால் கிடைக்கும் வலு பாதியாகும். −75 இருந்த இடத்திலிருந்து −105 உள்ள இடத்துக்குப் போனால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். லயத்து வாசலில் ஓர் எண், கோயில் திருப்பத்தில் ஓர் எண், தண்ணிப் பீலிக்குப் பக்கத்தில் வேறோர் எண். நமுனுகுலை மலை மறைக்கிற பக்கத்தில் நான்கு அடி தள்ளி நின்றால் பேச்சு விளங்கும், நின்ற இடத்தில் நின்றால் வெட்டும். கோடு இதைச் சொல்லாது, எண் சொல்லும்.

2021இல் பாடசாலைகள் பூட்டியிருந்தபோது சிக்னல் தேடிப் பாறையிலேறி ஒன்லைன் வகுப்புப் படித்த மலைப்பக்கப் பிள்ளைகளின் படம் உலகச் செய்தியானது. அந்தப் பிள்ளைகள் கையில் இருந்த ஆண்ட்ரொய்ட் போன்களிலும் இதே எண் இருந்தது. செட்டிங்ஸ் போய், 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் சிம் நிலவரத்தைத் திறந்தால் சிக்னல் வலு எண்ணாகவே எழுதியிருக்கும். 4ஜியில் எண்கள் பொதுவாகவே கீழே இருக்கும், −100 என்று கண்டு பயப்பட வேண்டாம். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். பாறைக்கு ஏறுமுன் தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து எண்ணைக் குறித்திருந்தால், சில பிள்ளைகளுக்காவது வழுக்குப் பாறை தேவைப்பட்டிருக்காது. யாரையும் குறை சொல்லவில்லை. ஆசிரியருக்கே சொல்லிக்கொடுக்க ஆளில்லாத விசயம் இது.

இன்னொன்று. போன் தொலைந்தால் என்ன செய்வது? ஈ71இன் பாதுகாப்பு அமைப்புக்குள் தூரத்திலிருந்தே பூட்டும் வசதி ஒன்று இருந்தது. 5 எழுத்திலிருந்து 20 எழுத்துக்குள் ஒரு இரகசியச் சொல்லை எழுதி வைத்துவிட வேண்டும். போன் பஸ்ஸில் விழுந்துவிட்டால், வேறெந்தப் போனிலிருந்தும் அந்தச் சொல்லை மெசேஜாக அனுப்பினால் போதும், போன் பூட்டிக்கொள்ளும். இன்டர்நெட் வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். ரீலோட் மிச்சமிருக்கிற ஒரு பக்கத்து வீட்டுப் போன் போதும். இன்றைய போன்களில் இதைவிடக் கெட்டிக்கார ஏற்பாடு உண்டு, வரைபடத்தில் போன் நிற்கிற இடத்தையே காட்டும். ஆனால் அதற்குப் போனில் டேட்டா இருக்க வேண்டும், கூகுள் கணக்கின் கடவுச்சொல் ஞாபகம் இருக்க வேண்டும். அந்தக் கடவுச்சொல்லைப் போன் விற்ற கடைக்காரத் தம்பிதான் போட்டுக்கொடுத்தான், அவனுக்கும் மறந்துபோயிருக்கும். கையைத் தூக்கச் சொல்லவில்லை; உங்களுக்கே தெரியும்.

பாட்டுக்கு வருவோம், இளைஞர்கள் காத்திருக்கிறீர்கள். 2009இல் நோக்கியா என்97 என்றும் என்900 என்றும் இரண்டு போன் வந்தன. திரையைத் தள்ளினால் அடியிலிருந்து விசைப்பலகை வெளியே வரும். என்900 உள்ளே லினக்ஸ் ஓடிய சின்னக் கணினி. இரண்டுக்குள்ளும் 32 ஜிபி இடம். இரண்டிலும் இருந்த ஒரு வசதியைப் பலர் கடைசிவரை திறந்து பார்க்கவில்லை: எஃப்எம் ஒலிபரப்பி. வானொலி கேட்பதற்கல்ல, ஒலிபரப்புவதற்கு. போனில் ஓர் அலைவரிசையைத் தேர்ந்துவிட்டு, பக்கத்திலிருக்கும் ரேடியோவை அதே எண்ணுக்குத் திருப்பினால், போனிலுள்ள பாட்டு ரேடியோவில் பாடும். வயர் இல்லை, புளூடூத் இல்லை. எட்டுகிற தூரம் இரண்டு மூன்று மீட்டர்தான். பக்கத்து லயத்துக்குப் போகாது, சண்டை வராது. ஆனால் ஒரு பழைய வானுக்குள், ஒரு காம்பராவுக்குள் அது போதும். தாத்தாவின் ரேடியோப் பெட்டியில் பேரனின் போன் பாடுகிற வித்தை அது.

அந்த வசதி மறைந்ததற்கு நான் அழமாட்டேன். புளூடூத் ஸ்பீக்கர் அதைவிட நல்லது. நான் வருந்துவது எஃப்எம் வானொலி மறைவதற்குத்தான், அதற்குக் காரணமும் சொல்கிறேன்.

2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தை. காலை வேளை. மலை சரிந்து லயங்களை மூடியது. இந்த மண்டபத்திலிருந்து அது தூரமில்லை, உறவை இழந்தவர்கள் இங்கே இருக்கவும் கூடும். ஆகவே அதைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் பெய்த மழையை அளந்து, 75 மில்லிமீட்டரில் விழிப்பு, 100இல் எச்சரிக்கை, 150இல் வெளியேற்றம் என்று படிப்படியாக அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு நம் காதுக்கு எந்த வழியாக வருகிறது? பெருமழையில் கரண்ட் போகும். கரண்ட் போனால் கோபுரத்தின் பெட்டரி சில மணி நேரம் தாங்கும், அதற்குப் பிறகு சிக்னல் போகும். சிக்னல் போனால் வட்சப்பும் இல்லை, மெசேஜும் இல்லை. எஃப்எம் அப்படியல்ல. தூரத்து மலையில் ஓர் ஒலிபரப்புக் கோபுரம் உயிரோடு இருந்தால் ஒரு மாவட்டமே கேட்கும். எத்தனை ஆயிரம் பேர் கேட்டாலும் நெரிசல் கிடையாது.

ஈ71இல் எஃப்எம் இருந்தது. ஈ63இல் இருந்தது. ஹெட்செட் வயரைக் குத்தினால்தான் பாடும், ஏனென்றால் அந்த வயர்தான் அன்டெனா. இந்தக் காரணம் தெரியாதவர்கள் 'ரேடியோ பழுது' என்று கடைக்குக் கொண்டுவருவார்கள். 2016இல் ஐபோன் 7 ஹெட்செட் துளையை எடுத்துவிட்டது, மற்றக் கம்பனிகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. துளை போனதும் அன்டெனா போனது, அதோடு எஃப்எம்மும் போனது. 2023 ஏப்ரலில் இந்திய அரசு, போன்களில் எஃப்எம் வசதியை முடக்காமல் வைக்கும்படி உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. சொன்ன காரணங்களில் ஒன்று அனர்த்த காலம். நமக்கு அந்தக் காரணம் இன்னும் பொருந்தும். அடுத்த போன் வாங்கும்போது கடைக்காரரிடம் கெமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறீர்கள். எஃப்எம் இருக்கிறதா, ஹெட்செட் துளை இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்கிறவர் கூடினால் கடைக்காரர் அந்தப் போனையே கொண்டுவருவார். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண்ணையும் போனில் சேமித்து வையுங்கள்.

இனித் தமிழுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம்.

கீபோட் போன் காலத்தில் நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதினார்கள். 'மொழிப்பற்று இல்லை' என்று மேடையில் திட்டியவர்கள் பலர். திட்டியவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. நாம் பார்ப்போம். ஒரு மெசேஜுக்குள் 140 பைட் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட், ஆகவே 160 எழுத்துக் கொள்ளும். தமிழ் எழுத்தை யுனிகோட் முறையில் அனுப்பும்போது ஒவ்வொரு குறிக்கும் 16 பிட். ஆகவே 70தான் கொள்ளும். அந்த 70உம் நாம் எண்ணுகிற எழுத்தல்ல. 'கு' என்பது நமக்கு ஓர் எழுத்து, போனுக்கு இரண்டு: க ஒன்று, உகரக் குறி ஒன்று. 'க்' என்பதும் இரண்டு: க ஒன்று, புள்ளி ஒன்று.

கரும்பலகையில் ஒரு மெசேஜ் எழுதியிருக்கிறேன், பாருங்கள். 'அம்மாவுக்குக் காய்ச்சல். பண்டாரவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம்.' கண்ணால் எண்ணினால் 35 எழுத்து. போனின் கணக்கில், இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்துச் சரியாக 70. அதோடு மெசேஜ் நிரம்பிவிட்டது. 'நாளை பெரட்டுக்கு வரமாட்டோம் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிடு' என்று ஒரு வரி சேர்த்தால் அது இரண்டாவது மெசேஜ், இரண்டாவது காசு. பிரிந்து போகிற மெசேஜில் ஒவ்வொரு துண்டுக்கும் 67தான். அதே இரண்டு வரியையும் ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரே மெசேஜில் அடங்கிவிடும். ரீலோட் காட்டைச் சுரண்டி எண்ணியெண்ணிப் பேசிய பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? தமிழில் எழுதினால் விலை இரட்டிப்பு. அது பற்றின் குறையா?

வாசிப்பதற்கும் வழி அடைத்துத்தான் இருந்தது. அந்தப் போன்களில் தமிழ் எழுத்துரு இல்லை, தமிழ்ப் பக்கம் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். அங்கேதான் ஒப்பெரா மினி என்ற உலாவி கைகொடுத்தது. முகவரிப் பெட்டியில் 'கொன்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து முக்காற்புள்ளி வைத்துத் திறந்தால், ஒரு மறைவான அமைப்புப் பக்கம் வரும். அதன் அடியில், சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பவா என்றொரு கேள்வி. 'ஆம்' என்று வைத்தால், ஒப்பெராவின் சேவர் தமிழ் எழுத்தைப் படமாக்கி அனுப்பும். டேட்டா கொஞ்சம் கூடச் செலவாகும். ஆனால் தமிழே தெரியாத போனில் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கலாம். இந்த ஒரு வித்தையைத் தெரிந்த பையன் அன்று ஒரு தோட்டத்துக்கே டொக்டர்.

எழுதுவதற்கு மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் 2005இல் செல்லினத்தைக் கொண்டுவந்தார். 12 பொத்தான் மட்டுமிருந்த சாதாரணப் போனில் தமிழ் எழுதி மெசேஜ் அனுப்பும் செயலி அது. விசைப்பலகை விசயத்திலும் தமிழ் பின்தங்கியிருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 247 எழுத்தைச் சில விசைகளுக்குள் எப்படி அடக்குவது என்று கேட்பார்கள். அடக்கியாகிவிட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து வந்த தமிழ்99 அமைப்பில் 12 உயிரும் 18 மெய்யும்தான் அடிப்படை. மகரத்தை இரண்டு தரம் தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். ணகரத்துக்குப் பின் டகரம் தட்டினால் ணகரத்துக்குப் புள்ளி தானாக விழும். 'பண்டாரவளை' என்று எழுத எட்டுத் தட்டு: ப, ண, ட, ஆ, ர, வ, ள, ஐ. இதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுத இதைவிடக் கூடுதல் தட்டு வேண்டும். நம் நாட்டில் தட்டச்சுக்காரர்கள் ரெங்கநாதன் அமைப்பையும் அச்சகக்காரர்கள் பாமினியையும் பிடித்துக்கொண்டதால் தமிழ்99 இங்கே அவ்வளவாக வேர்விடவில்லை. ஆனால் போனுக்கு அதுவே தோதானது என்பது என் எண்ணம். சண்டைக்கு வருகிறவர்கள் தேநீர் வேளையில் வாருங்கள்.

ஆக, அமைப்பு இருந்தது, செயலி இருந்தது, இரண்டு மொழி பொறிக்கிற அச்சும் இருந்தது. நம் கைக்கு வந்த கீபோட் போனின் விசையில் தமிழ் ஏறவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006 தொடங்கி 2014 வரை நோக்கியாவின் மாபெரும் ஆலை ஓடியது, தமிழ்ப் பெண்களின் விரல்கள் கோடிக்கணக்கில் போன் பூட்டின. அந்த விரல்களுக்குத் தெரிந்த எழுத்து இந்தப் பெரிய கீபோட் போன்களின் விசைக்கு வந்துசேரவில்லை. சந்தை சின்னது என்று நினைத்தார்கள் போலும்.

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை அறிமுகம் செய்தபோது கீபோட் போன்களைக் குறை சொன்னார். பிளாஸ்டிக்கில் வார்த்த விசை, தேவை மாறினாலும் மாறாது என்பது அவர் வாதம். அவர் நம்மை மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்த வாதம் கலிபோர்னியாக்காரனுக்குப் பொருந்தியதைவிட நமக்குத்தான் அதிகம் பொருந்தியது. கண்ணாடியில் விசை வெறும் படம். இன்று ஆங்கிலம், ஒரு தட்டில் தமிழ், மறு தட்டில் சிங்களம். எந்தக் கம்பனியின் தயவும் வேண்டாம். கீபோட் போனில் விரலுக்குக் கிடைத்த சுகம் பெரிது என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே சொல்கிறேன்: தமிழுக்குக் கதவு திறந்தது கண்ணாடிதான்.

அப்படியானால் இன்று நம் போன்களில் தமிழ் இருக்க வேண்டுமே? உங்கள் பக்கத்தில் இருப்பவரின் போனை எட்டிப் பாருங்கள். வட்சப்பில் இன்னும் ஆங்கில எழுத்துத்தான். 70 எழுத்துக் கணக்கு இன்று கிடையாது, வட்சப்பில் தமிழுக்குத் தனி விலை கிடையாது. எழுத்துரு போனிலேயே இருக்கிறது. விசைப்பலகை அமைப்புக்குள் போய் மொழி சேர் என்பதில் தமிழைத் தொடும் அந்த இரண்டு நிமிட வேலையைத்தான் யாரும் செய்யவில்லை. இன்று ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவருக்கு அந்தக் கால ரீலோட் காட்டுப் பிள்ளைக்கு இருந்த நியாயம் கிடையாது.

எழுதவே வராது என்கிற அம்மா அப்பாவுக்கும் வழி இருக்கிறது. 2017இல் கூகுள் தமிழுக்குக் குரல் தட்டச்சு தந்தது. விசைப்பலகையின் ஓரத்திலுள்ள மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாகும். மொழிப் பட்டியலில் தமிழ் இந்தியா என்றும் தமிழ் இலங்கை என்றும் தனித்தனியாக இருக்கும், நம்முடையதைத் தெரிந்தெடுங்கள். நம் தோட்டத்துப் பேச்சை அது முழுதாகப் பிடிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். 'கொழுந்து' பிடிக்கும், 'கவ்வாத்து' தடுமாறும். ஆனாலும் கைநாட்டு வைத்தே வாழ்ந்துவிட்ட பாட்டி, தன் சொல் எழுத்தாக விழுவதைக் காண்பது சின்ன விசயமல்ல. காது கேளாதவர் வீட்டில் இருந்தால் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலியைப் போட்டுக்கொடுங்கள், பேசுவதை உடனுக்குடன் திரையில் எழுதிக் காட்டும், தமிழும் அதில் உண்டு. இடைவெளி விசையில் விரலை வைத்து இடம் வலமாக இழுத்தால் எழுத்திடையே குறி நகரும், பிழை திருத்த உதவும். மாணவர்கள் இதையாவது இப்போதே செய்து பாருங்கள், நான் தண்ணீர் குடிக்கும் வரை நேரம் தருகிறேன்.

கடைசியாக ஒலிப்பதிவு. நான் இங்கே வந்ததே இதற்காகத்தான் என்றும் சொல்லலாம்.

மலையகத்தின் சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அச்சில் சொல் நின்றது, பாடியவரின் குரல் நிற்கவில்லை. கீபோட் போன் வந்தபோது நம் ஒவ்வொரு லயத்துக்குள்ளும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வந்து உட்கார்ந்தது. காமன்கூத்து இரவில், திருவிழாவில், சாவு வீட்டில் பையன்கள் பொழுதுபோக்காகப் பதிவு செய்தார்கள். அந்த ரெக்கோடரில் தரம் என்றொரு தெரிவு இருந்தது. எம்எம்எஸ் அனுப்பத் தக்க தரம் என்பதில் வைத்திருந்தால் பதிவு சீக்கிரம் நின்றுவிடும், குரலும் தொலைபேசியில் கேட்பது போலச் சுருங்கும், தப்பின் அடியும் நாதஸ்வரத்தின் மேல் நாதமும் வெட்டுப்படும். உயர்தரம் என்று மாற்றினால் நீளமாகவும் நிறைவாகவும் பிடிக்கும். மாற்றியவர்கள் சொற்பம். ஆனால் சுருங்கிய குரலும் குரல்தான். தாத்தா ஒப்பாரிக்கு எடுத்துக்கொடுத்த அடியோ, அப்பத்தா பாடிய தாலாட்டோ, அந்தப் போனைத் தவிர வேறெங்கும் இல்லை.

அந்தப் போன்கள் எங்கே? அலுமாரியின் கீழ்த்தட்டில், பிஸ்கட் டின்னுக்குள், பூசைப் படத்துக்குப் பின்னால். பெட்டரி செத்துக் கிடக்கின்றன. 2022 ஜனவரி 4ஆம் திகதி பிளக்பெரி தன் பழைய போன்களுக்கான சேவையை நிறுத்திவிட்டது. நோக்கியாவின் அந்தக் காலச் சேவைகளும் போய்விட்டன. ஆனால் பதிவுகள் கம்பனியின் சேவரில் இருக்கவில்லை. போனிலோ மெமரி காட்டிலோதான் இருக்கின்றன. ஈ71, ஈ63, ஈ72 மூன்றுக்கும் ஒரே பெட்டரிதான், பீபி-4எல் என்று எழுதியிருக்கும். ஒன்று கிடைத்தால் மூன்றையும் எழுப்பலாம். ஈ71ஐ யூஎஸ்பி வயரில் குத்திவிட்டுச் சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லாதீர்கள், அதற்கு நோக்கியாவின் பழைய மெல்லிய முனைச் சார்ஜர்தான் வேண்டும். எழும்பியதும் கெலரிக்குள் ஒலித் துணுக்குகள் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஏஎம்ஆர் என்று முடிகிற பைல்களைப் புளூடூத்தில் உங்கள் போனுக்கு அனுப்பலாம், விஎல்சி செயலி அவற்றைப் பாடும். பைலின் பெயரை மாற்றி, பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு நான்கையும் எழுதி வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.

வீட்டுக்குப் போனதும் அந்த டின்னைத் திறந்து பாருங்கள். பெட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போட வேண்டாம், அதைக் கழற்றி வெளியே வையுங்கள். மெமரி காட்டை மட்டும் ஒரு கடதாசியில் சுற்றி உங்கள் கணினி ஆசிரியரிடம் கொடுங்கள். காட் போடுகிற ரீடர் இல்லாத பாடசாலைகள் என்னிடம் சொல்லுங்கள், என்னிடம் இரண்டு இருக்கின்றன.